ஜுரம் விட்ட காலை

சித்திக்கு ஜுரம் விட்டதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பெரிய தவறை அத்தனை உறுதியோடு நான் சொன்னதில்லை.

பூதலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அம்மாவின் தங்கை எங்களோடு தங்கி, அரசு வேலைக்கான தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுக்கு ஜுரம் கண்டது. சம்பா நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். கை காலையெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்க்க வரச் சொன்னார். பரீட்சை முடியட்டும் என்று சித்தி சொல்லிவிட்டாள். அம்மா நிலவேம்புக் கஷாயம் வைத்தாள். தெர்மாமீட்டர் என் பொறுப்பு.

நான்கு நாளும் நூற்றிரண்டு, நூற்றுமூன்று என்று அறிவித்துவந்தேன். தேர்வன்று விடிந்ததும் வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. வீடு முழுக்க ஓடிச் சொன்னேன். சித்தி எழுந்து முகம் கழுவி, சுடிதார் மாற்றிக்கொண்டு, ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்தாள்.

"முகமே சரியில்லடி. போகத்தான் வேணுமா?" என்றாள் அம்மா.

"மெஷினே சொல்லுதும்மா" என்று நான் அம்மாவின் வாயை அடைத்தேன்.

தஞ்சாவூருக்கு அப்பா கூட்டிப்போவதாக ஏற்பாடு. அடம்பிடித்து நானும் கிளம்பினேன். பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சித்தி இரண்டு தடவை நின்றாள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாந்தி எடுத்தாள். பயம்தான் காரணம் என்று அப்பா நினைத்தார். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

"அப்பா, சித்தி கை ஐஸ் மாதிரி இருக்கு. ஜுரம் சுத்தமா போயிடுச்சு" என்றேன்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை, தினமும் அதே ரயிலில் போகிறவர். எழுந்து வந்து சித்தியின் நாடியைப் பிடித்தார். விரல் நகத்தை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஜுரம் எப்ப விட்டுச்சு?"

"இன்னிக்குக் காலையிலதான்" என்றேன், அது என் துறை என்பதால்.

"வயிறு வலிக்குதாம்மா? காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனியா?"

வலிக்கிறது என்று சித்தி தலையசைத்தாள். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றாள். நர்ஸ் அப்பாவைப் பார்த்தார். "அண்ணே, பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் கூட வரேன்."

"அக்கா, மூணு மணி நேரம்தான். எழுதிட்டு நானே வந்துடறேன்" என்றாள் சித்தி.

"அந்த மூணு மணி நேரத்துலதாம்மா எல்லாம் இருக்கு."

ரயிலில் சித்தி ஹால் டிக்கெட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தாள். அப்பா அதுவரை மைத்துனியின் படிப்பில் குறுக்கே ஒரு சொல் சொன்னதில்லை. தஞ்சாவூரில் இறங்கியதும் அவள் கையிலிருந்து அந்தக் காகிதத்தை மெல்ல உருவித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த தடவையும் பரீட்சை வைப்பாங்கம்மா" என்றார். சித்தி ஆட்டோவில் அழுதாள். அந்த நர்ஸை அன்று நான் வெறுத்தேன்.

ஆஸ்பத்திரியில் சித்தியின் இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. சலைன் ஏற்றினார்கள். டெங்குதான் என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. ஜுரம் விட்டபிறகு எப்படி இப்படி ஆகும் என்று அப்பா கேட்டார். இளவயது டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார்.

"கிருமி கொஞ்சம் கொஞ்சமா அடங்கிட்டுதாங்க வருது. இப்ப படுத்துறது அவங்க உடம்போட எதிர்ப்பு சக்தி."

"எதிர்ப்பு சக்தி நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதுதான். அது இல்லன்னா கிருமியே கொன்னுடும். ஆனா சண்டை மும்முரமாகும்போது, கிருமியை எதிர்க்கிற அணுக்கள் விடுற ரசாயனத்துல ரத்தக் குழாயெல்லாம் கசிய ஆரம்பிச்சிடும். ரத்தத்துல இருக்குற தண்ணி வெளியில போயிடும்."

அப்பா விவசாயி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாடு விரட்ட வந்த ஆளுங்க மிதிச்சே வரப்பு உடைஞ்ச மாதிரி" என்றார்.

"அதேதாங்க. முன்னாடி எப்பவாவது இவங்களுக்கு டெங்கு வந்திருக்கா?"

அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வந்துச்சு டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே வந்துச்சு. ஒரு தடவை வந்துட்டா அப்புறம் அது ஒண்ணும் பண்ணாது."

நல்ல செய்தி சொன்ன தோரணையில் நிமிர்ந்து நின்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வார்டு நர்ஸைக் கூப்பிட்டு, மணிக்கொரு தடவை அழுத்தம் பார்க்கச் சொன்னார். அப்புறம் அப்பாவிடம் பேசினார். டெங்கு நாலு வகை. ஒரு வகை வந்துபோனால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது முறை வேறு வகை வந்தால், அந்தப் பழைய நினைவே புதுக் கிருமிக்கு வழிவிட்டுச் சண்டையைப் பெரிதாக்கிவிடலாம். எல்லோருக்கும் அப்படி ஆகாது, ஆனால் ஏற்கெனவே ஒரு முறை வந்தவர்கள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் நானும் கேட்டேன். சித்தியின் கட்டிலுக்கு மேலே சொட்டுகிற சலைனை எண்ணிக்கொண்டே கேட்டதில் ஒன்றும் மனதில் ஏறவில்லை.

இரண்டு நாளில் குழாய்களின் கசிவு நின்றது. மூன்றாம் நாள் சித்தி இட்லி கேட்டாள். அடுத்த முறை தேர்வு எழுதி வேலைக்கும் போய்விட்டாள். இன்று ஒரு தாலுகா அலுவலகத்தில் பட்டா கேட்டு வருகிறவர்களை அதட்டாமல் அனுப்புகிற ஒரே ஆள் அவள்தான் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

ஊர் திரும்பிய பிறகு அப்பா மாறிப்போனார். எனக்கு மட்டும் தனியாகக் கொசுவலை வந்தது. ஒரு தும்மல் போட்டால் வயலில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். ஒருநாள் காலில் சேறோடு பள்ளிக்கூடத்துக்கே வந்து, வகுப்பு வாசலில் என்னைக் கூப்பிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வயலுக்குத் திரும்பிப் போனார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கர்வமாகவும் இருந்தது. பிளாட்பாரத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரு வார்த்தையால்தான் சித்தி பிழைத்தாள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் இத்தனை பாசம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் நான் நிமிர்ந்து நின்று சொன்னதில் "எங்க ரெண்டு பேருக்கும்" என்ற சொற்களை அப்பா தனியாகக் கேட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.