க் போடாத பொங்கல் வாழ்த்து

கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் வீட்டுக் கடுகு இருந்தது. பக்கத்தில் அடுத்தவன் பேர் இருந்தது. அன்றைக்கு ஏறிய ரத்தக் கொதிப்பு எனக்கு இன்னும் இறங்கவில்லை. டாக்டர் உப்பைக் குறை என்கிறார். உப்பா காரணம்? முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பொங்கலுக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். அந்தக் காலத்துப் பொங்கல் வாழ்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்து கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தார்கள். அதற்கு அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தது என் அச்சகம். இந்த ஊரில் நாலு பேர் கூடுகிற காரியம் எதுவானாலும் தாள் என் மெஷினில்தான் ஓடும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், மூன்று மாடி கட்டிவிட்டுச் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

கரை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே மைதாப் பசை வாசம் வந்தது. எவனோ அப்போதுதான் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். பசைக்குள் மயில்துத்தம் போட்டுக் கிண்டினால் பூச்சி அரிக்காது, அதற்கென்று ஒரு வாசம் உண்டு. துருப்பிடித்த நாணயத்தை நாக்கில் வைத்த மாதிரி. அந்த வாசம் ஏறியதும் எனக்குப் பசை கிண்டுகிற என் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. அதே நினைப்போடு உள்ளே போய்ப் பார்க்கிறேன், அவள் வெட்டின எழுத்து முன்னால் நிற்கிறது.

பழுப்பேறிப்போன நீள அட்டை. அதில் தங்க ஜிகினாவில் 'பொங்கல் நல்வாழ்த்துகள்'. எழுத்தின் மேலே புள்ளி எல்லாம் கருப்பாக, உருண்டையாக. ஒன்றிரண்டு உதிர்ந்து பசைத் தடம் மட்டும் மிச்சம். கீழே அச்சடித்து வைத்திருந்தார்கள்: இதை உருவாக்கியவர், கடைவீதியில் ஸ்டேஷனரி கடை நடத்திய இன்னார். புள்ளிகள் கருமணிகளால் ஆனவை. ஊரே 'வாழ்த்துக்கள்' என்று தவறாக எழுதிய காலத்தில் 'வாழ்த்துகள்' என்று பிழையின்றி எழுதிய தமிழ்ப் பற்றாளர்.

தமிழ்ப் பற்றாளராம். பில்லில் 'பேனா' என்று எழுதுவதற்கு மூன்று தடவை யோசிக்கிற மனுசன்.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு மீசை அரும்பிய வயசில் ஒரு அச்சாபீசில் வேலை. தாள் வெட்டுகிற மெஷினுக்கு நான்தான் ஆள். கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை வெட்டும்போது ஓரத்தில் நீள நீளமாகத் துண்டு விழும், ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம். நல்ல வழவழப்பு அட்டை, அடுப்புக்குத்தான் போகும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓனரிடம் கேட்டுக் கட்டாக வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இதில் வாழ்த்து செய்தால் என்ன என்று யோசித்தது நான். யாரும் சொல்லித் தரவில்லை. இந்த மண்டைதான்.

யோசித்தவன் நான், கை அக்காவுடையது. அவள் மூன்றாவதோடு நின்றவள். வெங்காய மண்டியில் காய் ஆய்கிற வேலை. பொழுது சாய வீட்டுக்கு வந்து கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவாள். பூ மார்க்கெட்டில் மாலைக்கு நடுவில் வைக்கிற ஜிகினாத் தாளில் மிச்சம் மீதியை நான் பொறுக்கி வருவேன். அதை எடுத்து, பென்சில் கோடு ஒன்று போடாமல், கத்தரியைச் சும்மா வைத்துக்கொண்டு தாளை மட்டும் திருப்பித் திருப்பி 'பொ' வெட்டுவாள். அந்தக் கொம்பு சுழிக்கும் பாருங்கள், அப்படி ஒரு சுழி. எத்தனை கழுவினாலும் அட்டையில் வெங்காய வாசம் வரும். அதற்காகக் கட்டுக்குள்ளே ரெண்டு மரிக்கொழுந்தைச் செருகி வைப்போம். அதுவும் என் யோசனைதான்.

புள்ளிதான் ரோதனை. ஜிகினாவில் அம்புட்டு சின்னதாக வெட்டினால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், ஊதினால் பறக்கும். ஒருநாள் அக்கா அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகை எடுத்து வைத்து ஒட்டினாள். உட்கார்ந்துகொண்டது. தங்கத்தின் மேல் கருப்பு. அப்படி ஒரு அழகு. அதோடு எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றுபோனது. அம்மா வெறும் எண்ணெயைக் காயவைத்துக்கொண்டு, "வெஞ்சனத்துக்குக் கடுகு இல்ல, ஊருக்குப் பொங்க வாழ்த்தா"ன்னு வைவாள்.

நாங்கள் வேதக்காரர்கள். கிறிஸ்துமஸ் வீட்டுப் பண்டிகை, பொங்கல் ஊர்ப் பண்டிகை, இரண்டுக்கும் அட்டை ஓடியது. கிறிஸ்துமஸ் அட்டைக்கு ஆட்டுக்குட்டி வேண்டும். தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை எடுத்து ஒட்டினோம். பொங்கல் வருவதற்குள் என் தலையணை வெறும் உறையாக இருந்தது. பிறந்தநாளைக்குக் கூட ஒருதடவை கேட்டார்கள், ஒரு டாக்டர் வீட்டில், மகளுக்கு. எங்களுக்குப் பிறந்தநாள் என்றால் ஞானஸ்நானப் பதிவில் இருக்கிற தேதி, அதற்குமேல் ஒன்றும் தெரியாது. என்ன எழுதுவதென்று நானும் அக்காவும் செத்த நேரம் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'பிறந்ததற்கு வாழ்த்துகள்' என்று ஒட்டிக் கொடுத்தோம். டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இன்னும் யோசித்துப் பார்க்கிறேன், அதில் என்ன தப்பு?

இப்போது க் விஷயத்துக்கு வருகிறேன். அட்டை ஒரு சாண்தான். அதில் 'பொங்கல் நல்வாழ்த்துக்கள்' அடங்காது. அக்கா வைத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் அந்த க்-கைத் தூக்கிக் கீழே போட்டாள். "இது இல்லாட்டியும் வாழ்த்துன்னு தெரியும்ல. ஒரு கடுகும் மிச்சம்." முடிந்தது. எங்கள் தமிழ்ப் பற்று அதுதான், இடம் பத்தவில்லை. இன்றைக்குப் படித்தவர்கள் அந்த க் வரக் கூடாது என்கிறார்கள். வரலாம் என்கிற படித்தவர்களும் இருக்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

அட்டைகளை அந்த ஸ்டேஷனரி முதலாளி கடைக்குத்தான் கொண்டுபோய்ப் போட்டேன். முதல் காரியமாக ஒவ்வொன்றையும் திருப்பி, பின்பக்கம் தன் கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். நல்லதாக ஒன்றை வீட்டுக்கென்று எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். அப்புறம்தான் முன்பக்கத்து எழுத்தைப் படித்தார். கடையில் கூட்டம்.

"ஏலே, எங்கடா க்?"

"இடமில்ல முதலாளி."

"இடமில்லையா, படிப்பில்லையா? அஞ்சாப்புப் பயகிட்டச் சரக்கு வாங்குனா இப்புடித்தான். இந்தா பேனா. வாசல்ல உக்காந்து எல்லாத்துலயும் க் போட்டுட்டு எந்திரி."

போட்டேன். வேறு என்ன செய்ய? அந்தத் தங்க எழுத்துக்கு நடுவில், மேலே தூக்கி, நீல மையில், கோழி கிண்டினது மாதிரி, அட்டை அட்டையாக. போகிற வருகிறவன் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டுப் போனான். ஒருத்தன் நின்று, "தம்பிக்கு இம்போசிசனா"ன்னு கேட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னேன். அக்கா அழவெல்லாம் இல்லை. "அட்டையப் பெருசாக் குடுக்கச் சொல்லு அந்த ஆள. க் என்ன, அவன் தாத்தன் பேரையே வெட்டித் தாரேன்"னாள். மறு வருசமும் க் இல்லாமல்தான் வெட்டினாள். நான் வேறு கடை பார்த்துக் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஆக, கண்ணாடிக்குள் இருப்பது எது என்று புரிகிறதா? அன்றைக்கு உள்ளே எடுத்து வைத்த அந்த ஒன்று. பேனா படாமல் தப்பித்த ஒரே ஒன்று. எந்த க்-குக்காக என்னை வாசலில் உட்கார வைத்தாரோ, அதே க் இல்லாததற்கு அவருக்குப் பட்டம். வயிறு எரியுமா எரியாதா?

கண்காட்சிக்குப் பொறுப்பு ஒரு சின்னப் பொண்ணு, லெக்சரர். கூப்பிட்டேன்.

"ஏம்மா, இது நான் செஞ்சது."

"அப்படிங்களா சார். ஆதாரம் ஏதாச்சும் இருக்குங்களா?"

"அது மணி இல்லம்மா, கடுகு. ஒண்ண எடுத்து வாணலில போட்டுப் பாரு, வெடிக்கும்."

அந்தப் பொண்ணு குனிந்து உற்றுப் பார்த்தது. கெட்ட பொண்ணு இல்லை. "அவங்க குடும்பத்துல குடுத்த தகவலத்தான் சார் போட்டோம். வேணும்னா 'செய்தவர் பெயர் தெரியவில்லை'ன்னு மாத்திரலாம் சார்."

"தெரியவில்லையா? முன்னாடி நிக்கிறேன்மா."

அதற்குமேல் பேசினால் கை நீண்டுவிடும் போலிருந்தது. சட்டைப் பையிலிருந்து என் விசிட்டிங் கார்டை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதினேன்: 'இதைச் செய்தவர் இந்த அச்சகத்தின் அதிபர் மற்றும் அவர் அக்கா.' அதைக் கண்ணாடி மேல் டேப் போட்டு நானே ஒட்டிவிட்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. தடுத்துப் பார்த்திருக்கட்டும்.

மறுநாள் கார் எடுத்துக்கொண்டு செம்பட்டிக்குப் போனேன். அக்கா அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறாள். விரலெல்லாம் முடக்குவாதத்தில் வளைந்துபோய்விட்டது, தோசையைப் பிய்ப்பதற்கே சிரமம். கண் மட்டும் அப்படியே. கூட்டிவந்து பெட்டி முன்னால் நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். மூச்சில் கண்ணாடி மங்கியது, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

"'ழ' கொஞ்சம் கோணிருச்சு. அன்னைக்கி எனக்குக் காச்சலு."

அப்புறம் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கருமணியாம்ல. இவனுக வீட்ல தாளிக்கவே மாட்டானுகளா?" நானும் அந்த லெக்சரர் பொண்ணும் சேர்ந்து சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடு போயிருக்கலாம். அக்கா கண் என் கார்டுக்கு வந்தது.

"இது யாரு ஒட்டுனது?"

"நாந்தான். விடுவேனா?"

"'மற்றும் அவர் அக்கா'ன்னு போட்டிருக்க. அக்கான்னா எந்த அக்கா? அதுக்குப் பேரு வைக்கலையா நம்ம அய்யா?"

"ஏன்க்கா, அந்தச் சின்ன அட்டையில இடம்…" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"இடமில்லையாக்கும்," என்றாள். "அவன் ரப்பர் ஸ்டாம்பு குத்துனான். நீ விசிட்டிங் கார்டு குத்திருக்க. அம்புட்டுத்தாண்டா வித்தியாசம். வா, பஸ்ஸுக்கு ஏத்தி விடு."

"கார் இருக்குல்ல."

"உன் கார நீயே வச்சுக்க."

கடைசியில் காரில்தான் வந்தாள். எனக்கு அவள் மேல் அப்படிக் கோபம். இவளுக்காகத்தானே மல்லுக்கு நின்றேன்? வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், ரசத்தில் கடுகு மிதந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனேன். என் வீட்டுக்காரி, "ரசம் என்ன பண்ணுச்சு"ன்னு கேட்டது.

காலையில் அச்சகத்திலேயே நல்ல அட்டையாக வெட்டி, இடம் தாராளமாக விட்டு, அவள் பேரை முதலில் வைத்து எழுதி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கண்காட்சி முடிந்துவிட்டதாம். ஹாலில் பேச்சுப் போட்டிக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழ்த்து அட்டை முதலாளி குடும்பத்துக்கே திரும்பிப் போய்விட்டது. என் விசிட்டிங் கார்டு டேப்போடு குப்பைக் கூடையில் கிடந்தது.

முதலாளி இப்போது இல்லை. அந்தக் கடை செல்போன் ஷோரூம் ஆகிவிட்டது, மகன் நடத்துகிறான். அவனுக்குப் போன் போட்டுப் பொறுமையாகத்தான் பேசினேன். அட்டையை எனக்குக் கொடு, இல்லாவிட்டால் பின்பக்கம் ஒரு பேரையாவது எழுத விடு என்றேன். "அங்கிள், அது எங்கயோ வச்சாச்சு அங்கிள். பழசு, விடுங்க"ன்னு வைத்துவிட்டான்.

பொங்கல் அன்றைக்குக் காலையில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது, போனில். பானை பொங்குகிறது, கரும்பு நிற்கிறது, மாடு சிரிக்கிறது. கீழே அவன் ஷோரூம் பேர். மேலே 'பொங்கல் நல்வாழ்த்துக்கள்', க் போட்டு. அப்பன் தமிழ்ப் பற்று ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிட்டது போல. எவன் வரைந்தது, எவன் எழுதியது, அனுப்பினவனுக்கும் தெரியாது. பழைய பழக்கத்தில் போனைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே போன் கம்பெனி பேர்தான் இருந்தது.

அந்தப் படத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. எங்கள் அட்டைக்கு இருந்தது. அதில் ஸ்டாம்பைக் குத்தினார்கள், ஆனாலும் ஓரத்தில் ஒரு பேர் எழுத இடம் கிடந்தது. அன்றைக்கு எழுதத் தோன்றவில்லை. இன்றைக்கு எழுதலாமென்றால் அட்டை எவன் பரணில் கிடக்கிறதோ. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதற்கும் இடம் பத்தவில்லை என்று எவனாவது கடைசி வரியை வெட்டினால் நேரில் வருவேன்.

பொங்கல் நல்வாழ்த்துகள். வெட்டியது, லூர்து மேரி, செம்பட்டி. ஒட்டியது, அவள் தம்பி.