நான் சொல்லாமல் ஓடக் கூடாது

காரைக்கால்மேட்டில் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட் இருக்கிறது. எனக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. எங்கள் கரை மீனவர்களுக்காக ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு வைத்திருக்கிறேன். காற்று, அலை பற்றிய எச்சரிக்கைகளை அதில் எழுதுவேன். இடையிடையே சின்னச் சின்ன நிரல்கள் செருகியிருக்கும். அவற்றில் ஒன்று ஓடினால், அதற்கு மேலே இருக்கும் எச்சரிக்கை எல்லாப் படகுக்காரர்களின் போனுக்கும் போய்விடும்.

ஒருநாள் காலையில், மீன் ஏலக் கொட்டகையில் ஒட்டுவதற்காக அந்தக் கோப்பை அச்சுப் பிரதியாக மாற்றினேன். அப்படி மாற்றும்போது உள்ளே இருக்கும் நிரல்களையெல்லாம் ஓட்டிவிடுவது அந்த மென்பொருளின் வழக்கம். போன மாதத்துச் சூறைக்காற்றுச் செய்தி மறுபடியும் போயிற்று. கடலுக்குப் போன படகுகள் வலை இறக்காமலே திரும்பின. கடலோ அசையாமல் கிடந்தது.

கொட்டகையில் ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “இனிமே ஒன் சேதி வந்தா பாக்கவே மாட்டோம்மா.” டீசல் வீணானதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நிஜமாகவே காற்று வரும் நாளிலும் பார்க்காமல் போய்விட்டால்?

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தேன். எச்சரிக்கை அனுப்பும் அந்த நிரலின் தலையில் ஒரு வரி சேர்த்தேன். அச்சுப் பிரதி எடுக்கும்போது இது ஓடவே கூடாது. நானே அழுத்தினாலும் ‘ஓட்டலாமா?’ என்று கேட்க வேண்டும். நான் ஆம் என்று தட்டும்வரை சும்மா கிடக்க வேண்டும். கூட வேலை பார்ப்பவரிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்தார். “முழுசா தானா ஓட விட்டுடுங்க மேடம், எதுக்கு வீண் வேலை?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கடலுக்குப் போறது உங்க அண்ணன் இல்லீங்க” என்றேன்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே போனேன். எல்லோர் முன்னாலும் அச்சுப் பிரதி எடுத்தேன். ஒரு போன்கூட அடிக்கவில்லை. “இனிமே நான் அனுப்பாம எதுவும் வராதுங்க” என்றேன். பெரியவர் மீன்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

பிறகு ஒரு விடியலில் வானிலை மையத்திலிருந்து நிஜமான எச்சரிக்கை வந்தது. கோப்பில் எழுதினேன், தேதியைச் சரிபார்த்தேன், அழுத்தினேன். ‘ஓட்டலாமா?’ ஆம் என்று தட்டினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன் செய்தார். படகு அப்போதுதான் கரையை விட்டுப் போயிருந்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்: “நீ அனுப்புனியா, இல்ல அதுவா வந்துச்சா?”

“நான்தாண்ணே அனுப்புனேன்.”

“பக்கத்து போட்டுலயும் அதத்தான் கேக்குறாங்க. சொல்லிடுறேன். போட்டத் திருப்பிட்டேன், வை.”