ஏழாம் இலக்கத்தில் மிருக வைத்தியம்

1. படிக்கட்டில் பதினொரு பேர்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுநாள் காலை, மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த என் கடையின் படிக்கட்டில் பதினொரு பேர் நின்றார்கள். கடை திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு கம்பியூட்டர், ஒரு பிரின்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின். அதற்கு முன் நெடுங்காலம் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபராக இருந்தேன்.

பெறுபேறு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை எல்லோரும் போனிலேயே பார்த்துவிட்டிருந்தார்கள். வந்தது வேறொரு கேள்வியோடு.

"சேர், இதுக்கு கெம்பஸ் கிடைக்குமா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் ஒரு ஃபைல். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி அட்டவணை பத்திரிகையில் வரும்போதெல்லாம் அதைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தேன். எந்தக் கற்கைநெறிக்கு, எந்த மாவட்டத்தில், கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் புள்ளி, அதாவது பாடங்களின் மதிப்பெண்களைத் தரப்படுத்தி எடுக்கும் தசம எண், எவ்வளவு என்பதுதான் வெட்டுப்புள்ளி. அது ஒவ்வொரு வருடமும் மாறும். கொழும்பு வரிசையில் ஓர் எண், மாத்தளை வரிசையில் இன்னோர் எண். என்னிடம் பல வருடத்து அட்டவணைகள் இருந்தன. ஊரில் வேறு யாரிடமும் இருக்கவில்லை.

பிள்ளையின் புள்ளியை அட்டவணையோடு ஒப்பிட்டு, பென்சிலால் மூன்று அடையாளங்களில் ஒன்றைப் போடுவேன். சரி, அரை வட்டம், கோடு. அரை வட்டம் என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறது, கோடு என்றால் எட்டாது என்று பொருள். வாயால் "கிடைக்கும்" என்று சொன்னதில்லை. உறுதியாகாத செய்திக்கு "எனத் தெரியவருகிறது" என்று போட்டுப் பழகிய கை.

இந்த வேலைக்கு இப்போது வருகிற இளையவர்களுக்கு ஒப்பிடும் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை; அதை ஒரு செயலி செய்துவிடும். நான் எழுத நினைப்பது விருப்பு வரிசை பற்றி.

2. ஹாஜியாரின் மூன்று வரி

விண்ணப்பத்தில் மாணவர் தனக்கு வேண்டிய கற்கைநெறிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். கம்பியூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து பார்க்கும். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்காது. அவ்வளவுதான் விதி.

முதல் வருடம், டவுனில் கராம்பும் மிளகும் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் மகனோடு வந்தார். மகன் உயிரியல் பிரிவு. கடதாசியில் மூன்றே மூன்று வரி. மூன்றும் மருத்துவம், மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களில். நான் மூன்றுக்கும் கோடு போட்டேன்.

"கீழே இன்னும் நிறைய எழுதலாம் ஹாஜியார். விவசாயம், உணவு விஞ்ஞானம்..."

"எழுதப்படாது. கொறஞ்ச விலையை நாமளே வாயால சொன்னா, வாங்க வந்தவன் அதுலதானே நிப்பான்? டொக்டர்னு மட்டும் கேட்டா, எப்படியாச்சும் ஒண்டத் தந்துதானே ஆகணும். இன்ஷா அல்லாஹ்."

மகன் சிரித்தான். நானும் சிரித்தேன். பேரம் பேசத் தெரிந்த மனிதரிடம் என்ன சொல்ல என்று நினைத்து, கொடுத்ததை அப்படியே தட்டச்சு செய்தேன்.

அந்த மகனுக்கு அந்த வருடம் எந்த இடமும் கிடைக்கவில்லை. அவனைவிடக் குறைந்த புள்ளி எடுத்த மூன்று பிள்ளைகள் நான் நிரப்பிய விண்ணப்பங்களிலேயே உள்ளே போனார்கள். ஹாஜியார் கோபப்படவில்லை. கடைக்கு வந்து, "மார்க்கட்டுனு நெனச்சேன் தம்பி. மறுபக்கத்துல ஆளே இல்லையாமே" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு பழைய விண்ணப்பப் பிரதிகளை எடுத்து மீண்டும் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் மறுபக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைத்துத்தான் வரிசையை எழுதியிருந்தார்கள். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது.

3. சலிக்கும் அறைக்காரர்

மூன்றாவது வருடம், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் மத்தியானம், எல்கடுவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சிவலிங்கம் என்பவர் மகள் நிரோஷாவோடு வந்தார். அவர் தேயிலை பெக்டரியில் சலிக்கும் அறையில் வேலை. அரை நாள் லீவு. நாலு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று ஏறும்போதே சொன்னார்.

நிரோஷாவின் புள்ளியைப் பார்த்தேன். பிறகு அவர்கள் எழுதி வந்த பட்டியலைப் பார்த்தேன். முதலாவது விவசாயம். இரண்டாவது தாதியியல். அப்படியே போய், ஏழாவது மிருக வைத்தியம்.

விவசாயத்துக்கு அந்தப் பிள்ளையின் புள்ளி தாராளம். மிருக வைத்தியத்துக்கு, சென்ற வருட மாத்தளை வெட்டுப்புள்ளியை மூன்றாம் தசமத்தில் தாண்டியிருந்தது. அரை வட்டம். இந்த வரிசையிலேயே போனால் கம்பியூட்டர் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஏழாவதைப் பார்க்கவே பார்க்காது.

"இந்த வரிசையை யாரு போட்டது?"

"நாந்தாங்க சேர்," என்றார் சிவலிங்கம். "மொதல்ல சின்னதா கேக்கணும். எடுத்த எடுப்புல பெருசா கேட்டா, இவனுக்கு இவ்வளவு கொழுப்பானு இருக்கிறதையும் வெட்டிருவாங்க. தோட்டத்துல துரைகிட்ட கூரைத் தகரம் ரெண்டு வேணும்னா, மொதல்ல ஆணிதான் கேப்போம்."

"இங்க துரை இல்லீங்களே."

"கொழும்புல இருப்பாங்கல்ல."

"அங்கயும் யாரும் இல்ல. மெஷின்தான் பாக்குது."

அவர் முகம் மாறியது. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். எதிர்மாறாக நடந்தது.

"யாருமே பாக்காம எப்படிங்க சேர் குடுப்பாங்க? அப்ப யாருகிட்டதான் போய்க் கேக்கிறது?"

நிரோஷா முன்னால் வந்தாள். பிரின்டர் மேலிருந்த அனுமதிக் கைநூலை எடுத்து மிருக வைத்தியம் இருந்த பக்கத்தைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. பக்க எண் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உனக்கு எது வேணும்மா?" என்று கேட்டேன். மூன்று வருடத்தில் ஒரு பிள்ளையிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "கிடைக்குமா" என்ற கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இதுதான் சேர்."

"மாட்டு டாக்டரா?" என்றார் அப்பா. "நம்ம லயத்து வீடுகள்ல நாலு மாடுதானேம்மா இருக்கு."

"அதுல ரெண்டு போன மாசம் செத்துப்போச்சுப்பா. மடியில காயம் வந்து. வேற ஒண்ணுமில்ல, ஒரு ஊசி போட ஆள் இல்ல."

கடையில் போட்டோகொப்பிக்கு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் விதியை இரண்டாம் முறை விளக்கினேன். சிவலிங்கம் தலையை ஆட்டினார், ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை கடதாசியில் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கடதாசியைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தார்.

"மேல நிக்காதது தானாக் கீழ விழுமா?"

"ஆமா."

"நின்னா அங்கயே நின்னுடும். கீழ வராது."

"ஆமா."

"அப்ப இது நம்ம சிப்டர் சேர்." கடதாசியை மேசையில் வைத்து விரலால் தட்டினார். "தேயிலை சலிக்கிற மெஷின்ல தட்டு தட்டா வலை இருக்கும். பெரிய கண்ணு வலை மேல, சின்னக் கண்ணு கீழ. புதுசா வந்த பய ஒருத்தன் சின்னக் கண்ணு வலையை மேல மாட்டிட்டான். எல்லாத் தூளும் அதுலயே தங்கிப்போச்சு. கீழ் தட்டுக்கு ஒரு பொட்டு வரல. அன்னிக்குத் துரைகிட்ட நான் ஏச்சு வாங்கினேன்." மகளைப் பார்த்தார். "அதேதான் நானும் பண்ணியிருக்கேன்."

நான் அதுவரை கேட்டதில் அதைவிடச் சரியான விளக்கம் இல்லை. பிறகு வந்த வருடங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதையேதான் சொன்னேன்.

மிருக வைத்தியம் முதலாவது, விவசாயம் இரண்டாவது, தாதியியல் மூன்றாவது. அச்செடுத்து, நிரோஷா கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் போட்டார்கள். போகும்போது சிவலிங்கம் கேட்டார்: "கிடைக்குமா சேர்?"

"அரை வட்டம்" என்றேன்.

4. ஒரே விடை

அந்த வருடம் மாத்தளையில் மிருக வைத்தியத்துக்கான வெட்டுப்புள்ளி கூடியது. நிரோஷாவுக்குக் கிடைத்தது விவசாயம்.

கடிதத்தைப் போட்டோகொப்பி எடுக்க இருவரும் வந்தார்கள். சிவலிங்கத்துக்குச் சந்தோஷம். அதை மறைக்கவும் இல்லை.

"நான் மொதல்ல போட்டதேதானே சேர் வந்திருக்கு? நீங்க அன்னிக்கு மூணு தடவ படம் போட்டது வீண்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு வரிசைக்கும் ஒரே விடை. நிருபராக இருந்திருந்தால் இதில் செய்தி இல்லை என்று விட்டிருப்பேன்.

நிரோஷா என் ஃபைலைக் கேட்டாள். புதிய அட்டவணையில் மாத்தளை வரிசையைத் தேடி, தன் புள்ளியைக் கழித்து, வித்தியாசத்தைக் கடித உறையின் ஓரத்தில் எழுதினாள். இரண்டாம் தசமத்தில் ஓர் இலக்கம்.

"இவ்வளவுதான்பா கொறஞ்சது," என்றாள். "உங்க வரிசையில போட்டிருந்தா, குடுத்திருப்பாங்களோன்னு காலம் பூரா நெனச்சுக்கிட்டு இருப்பேன். இப்ப கேட்டாச்சு. இல்லைன்னுட்டாங்க."

"அப்ப திரும்பப் பரீட்சை எழுதப் போறியா?" என்றார் அப்பா. குரலில் பயம் இருந்தது.

"இல்லப்பா. விவசாயத்துலயும் கால்நடைப் பாடம் இருக்கு. பார்த்துட்டேன்."

கொப்பி இரண்டு எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

வாய்ப்பைக் கணிப்பவரின் கையில் ஒரு பென்சில் இருக்கிறது. அந்தப் பென்சிலால் ஒரு பிள்ளை விரும்பியதைப் பட்டியலில் கீழே தள்ளவும் முடியும், அடித்துவிடவும் முடியும். பெற்றோரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இல்லை என்று சொல்லும் வேலையை வெட்டுப்புள்ளி செய்யும். அதற்கு முன்னால் நாம் செய்யக்கூடாது.