சாவு வீட்டுப் பீடித் தட்டு

அப்பா கண்டி நகரில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினார். சிகரெட் விலை ஏறியபோது பீடிக்கு மாறினாரே தவிர, விடவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில், எங்கள் சந்தில் புகைக்காத ஆண் என்று எனக்கு யாரையும் தெரியாது. அதனால் அவருடைய இருமலை ஒருவரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியும்போது எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம்தானே.

சளியில் இரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நுரையீரலில் புற்றுநோய், பிந்திவிட்டது என்றார் டாக்டர். பார்க்க வந்த அப்பாவின் கூட்டாளிகள் கட்டில் பக்கம் குனிந்து பேசும்போது சட்டையில் பீடி வாடை அடிக்கும். அப்பா கண்ணை மூடி அதை உள்ளே இழுப்பார்.

அந்த மழைக்காலம் முடியுமுன்னே அப்பா போய்விட்டார்.

முற்றத்தில் கூடாரம் அடித்து வருகிறவர்கள் உட்காரக் கதிரைகள் போட்டார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பீடி, சிகரெட் எல்லாம் அடுக்கி, அவர்கள் எடுத்துக்கொள்ள மேசையில் வைத்தார். நான் பீடியையும் சிகரெட்டையும் அள்ளிக்கொண்டு குசினிக்குள், அடுப்புப் பக்கம் போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"என்னம்மா செய்ற? வந்தவங்க என்ன நெனைப்பாங்க?"

"அப்பா எதனால செத்தாருன்னு உங்களுக்குத் தெரியாதா சித்தப்பா?"

"தெரியும். அதுக்காக வழக்கத்த விட முடியுமா? ஒங்கப்பா எத்தன சாவு வீட்டுல இப்பிடி பீடி எடுத்துக் குடிச்சிருப்பாரு!"

சுவரோரம் கிடந்த அம்மாவைப் பார்த்தேன். எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"குடுத்துரு. இன்னைக்குச் சண்ட வேணாம்" என்றாள்.

கொடுத்தேன். கூடாரத்தில் ஒருவர் நெருப்பில் இன்னொருவராகப் பற்றவைத்தார்கள். அப்பா கிடந்த அறைவரை புகை வந்தது.

பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டபோது என் தம்பி வெளியிலிருந்து வந்தான். அவன் மேலும் அதே வாடை. அதுவரை எனக்குத் தெரியாது.

"எப்ப இருந்துடா?"

"அத இப்பவா கேக்கணும், அக்கா?" என்றவன் குனிந்து பெட்டியின் கால்மாட்டைப் பிடித்தான்.

இப்போது சித்தப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது. நானும் தம்பியும்தான் அவரைக் கிளினிக்குக் கூட்டிப்போகிறோம். வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும், "காத்தாட நின்னுட்டு வர்றேன்" என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டே எழும்புவார். துணைக்குப் போகிறேன் என்று தம்பியும் கூடவே போவான். நான் தடுப்பதில்லை. எங்கள் இடம் பறிபோகாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.