நான் தைத்ததாகச் சொன்ன பாவாடை

எங்கள் வீட்டுக்குத் தையல் மிஷின் அண்ணியோடு வந்தது. அவள் வீட்டில் சீராகக் கொடுத்தார்கள். வந்த மறுமாதமே அது எல்லாருடைய மிஷினும் ஆகிவிட்டது. தைப்பது மட்டும் அவள்.

அண்ணிக்கு இடது கைப் பழக்கம். பரிமாற, கோலம் போட, குங்குமம் கொடுக்க அந்தக் கை வரக்கூடாது என்று அம்மா கட்டளை. புதிதாக வந்தபோது பீச்சாங்கையால் கரண்டியை எடுத்தாள் என்று ஒரு பானைச் சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டியவள் என் அம்மா. ஊசியை மட்டும் விட்டுவைத்தாள். அம்மாவுடைய ரவிக்கைகளையும் அந்தக் கைதானே தைத்தாக வேண்டும்.

அறுபதுகளின் நடுவில், எஸ்.எஸ்.எல்.சி. தேறி, வரனும் அமையாமல் நான் சிதம்பரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடலூரில் தையல் டீச்சர் பயிற்சிக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. எட்டாவது தேறியிருந்தால் போதும், கல்யாணமானவர்களும் வரலாம். அதை முதலில் பார்த்தது எட்டாவது தேறியிருந்த அண்ணிதான். அண்ணனிடம் காட்டினாள். அண்ணன் அம்மாவிடம் சொன்னான். மருமகள் தினம் ரயிலேறிப் போனால் உலை வைப்பது யார் என்று அம்மா கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேண்டுமானால் பெண் போகட்டும் என்று என் பெயரில் விண்ணப்பம் போயிற்று.

எனக்குத் தையல் வராது. பட்டன் வைப்பேன், கிழிசல் தைப்பேன், அவ்வளவுதான்.

பதிலோடு பிரவுன் பேப்பரில் வெட்டிய அளவு மாதிரி ஒன்று வந்தது. அதை வைத்து வீட்டிலேயே ஒரு சுற்றுப் பாவாடை தைத்து இன்டர்வியூவுக்குக் கொண்டுவர வேண்டுமாம். இடுப்பைச் சுற்றிக் கட்டி, நாடாவைப் பட்டியில் விட்ட ஓட்டை வழியே இழுத்து முடிச்சுப் போடுகிற பாவாடை. காற்றடித்தால் மானம் போகும் என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அதைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிய எங்கள் நாலு வீதியில் எந்த வீதியிலும் நடக்க முடியாது என்பது உண்மைதான்.

காகிதத்தில் பின்பாகம் பாதிதான் இருந்தது. துணியை இரண்டாக மடித்து, மடிப்போரத்தில் காகிதத்தை வைத்து வெட்ட வேண்டும். நான் மடிக்காமலே கத்தரியை வைத்தேன். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு கத்தரி அவளிடமே இருந்தது, நானும் திருப்பிக் கேட்கவில்லை.

சமையல் முடிந்து அம்மா கண்ணயரும் நேரமாகப் பார்த்து அண்ணி நான்கு மதியங்கள் தைத்தாள். மிஷின் வேலை ஆனதும் கீழ் ஓரத்தை மடித்துக் கையால் எம்மிங் போட்டாள். நீலப் பாப்ளின் துணி. வெளிப்பக்கம் திருப்பினால் நூல் போன தடமே தெரியாது.

"நீ போனா நான் போன மாரிதான்" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் போனால் நான்தானே போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடலூருக்கு அண்ணன் துணைக்கு வந்தான். வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே இருந்த டீச்சரம்மா பாவாடையின் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே புரட்டி ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். நானே தைத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு துண்டுத் துணியும் ஊசியும் கொடுத்து எம்மிங் போடச் சொன்னார். வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாகத் தைத்தேன். அவர் என் துண்டை எடுத்துப் பாவாடை ஓரத்தின் மேல் வைத்தார். என் தையல் கோணல்மாணல் என்பது இருக்கட்டும். அதில் ஒவ்வொரு தையலும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பாவாடையில் அத்தனையும் எதிர்ப்பக்கம்.

"இது எடது கைக்காரங்க தச்சது. யாரு?"

"அண்ணி."

அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அவுங்கள அனுப்பு. திங்கக்கெழம வரைக்கும் எடம் வச்சிருக்கேன். நான் கேட்டேன்னு சொல்லு."

வெளியே வந்து அண்ணனிடம் இடமில்லையாம் என்றேன். போனால் போகிறது என்றான். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். பரங்கிப்பேட்டை தாண்டும்வரை, வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கிள்ளையில் வண்டி நின்றபோது அந்த எண்ணம் போய்விட்டது. அவமானம் ஒரு காரணம். அவள் போனால் அடுப்படி என் தலையில் விழும் என்பது இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் பொறாமை. சொல்லியிருந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள் என்று பல வருஷம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஒரு டீச்சரம்மா சொல்லியனுப்பிக் கேட்டார் என்றால் அண்ணன் மசிந்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

இடமில்லையாம் என்று அண்ணனே வீட்டில் சொல்லிவிட்டான். அண்ணி கிணற்றடிக்கு வந்தாள். இடம் கிடைக்காததைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"தையல்ல என்னா கொற சொன்னாங்க?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தச் செலவும் இல்லை.

"எடது கைத் தையலாம். அது ஆவாதுன்னாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கிடைக்காமல் போனது தன்னால்தான் என்று அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கக் கூசினாள்.

திங்கட்கிழமை மதியம் மிஷின் பக்கத்தில் ஒரு கந்தல் துணியோடு உட்கார்ந்திருந்தாள். ஊசி வலது கையில் இருந்தது. விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டிருந்தது. தைத்த இடத்தை என்னிடம் நீட்டி, "இப்ப சரியா வருதா பாரு" என்றாள்.

பள்ளி போகாத பிள்ளை தைத்தது போல இருந்தது. சரியாக வருகிறது அண்ணி என்றேன்.