அவளுக்கு வராத நீர்த்துளி

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். வேதியியல் டீச்சரான பிறகு அது குறையவில்லை, கூடிப்போனது.

அந்த ஐப்பசி மழையில் முடிச்சூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் லேபின் கூரை ஒழுகி, பேரியம் குளோரைடு உப்பு நனைந்துவிட்டது. மறுநாள் பதினொன்றாம் வகுப்புக்கு அதை வைத்துத்தான் செய்முறைத் தேர்வு. உப்பை மின் அடுப்புக்குள் வைத்து மதியம் முழுக்கக் காயவைத்தேன். அந்த உப்பின் படிகத்துக்குள்ளேயே நீர் உண்டு. சூடாக்கினால் அது வெளியேறி டெஸ்ட் டியூபின் வாயோரம் துளியாக நிற்கும். நீரற்ற காப்பர் சல்பேட் வெள்ளைப் பொடியில் அந்தத் துளி பட்டால் பொடி நீலமாகும். சோதனையே அவ்வளவுதான்.

எல்லோரும் 'நீலமானது' என்று எழுதினார்கள். ஒருத்தி மட்டும் 'நீர் வரவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"க்ளாஸ்ல எல்லாருக்கும் வந்த தண்ணி உனக்கு மட்டும் வரலையா? கண்ண எங்க வச்சிருந்த?"

"வரல மிஸ். வராதத எப்படி மிஸ் எழுதறது?"

எதிர்த்துப் பேசுகிறாள் என்று பட்டது. பத்துக்கு இரண்டு போட்டேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன்.

மிச்ச உப்பைப் பாட்டிலில் கொட்டும்போதுதான் உறைத்தது. ஒரு டியூபில் போட்டுச் சூடாக்கினேன். ஒரு துளிகூட வரவில்லை. நனைந்த ஈரத்தோடு படிகத்தின் நீரையும் நானே விரட்டியிருக்கிறேன். மற்றவர்கள் புத்தகத்தில் இருந்ததை எழுதியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததை எழுதியவள் அவள் ஒருத்திதான்.

யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். அதன்பின் குக்கரைத் திறந்தால் மூடியில் கோத்து நிற்கும் துளிகளைப் பார்க்க முடியாமல் கவிழ்த்து வைப்பேன். தாம்பரம் ஸ்டேஷன் படியில் யாராவது 'மிஸ்' என்று கூப்பிட்டால் அவள் குரலாகவே கேட்கும்.

அடுத்த வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தாள். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. மாதிரித் தேர்வில் அவளுக்கு மட்டும் நீர் முழுக்கப் போன அதே உப்பைக் கொடுத்தேன். 'வரவில்லை' என்று எழுதுவாள், பத்துக்குப் பத்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

டியூபைத் தீயில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு ஸ்டாண்டில் வைத்தாள். தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நீர்த்துளிகள் தோன்றின, வெள்ளைப் பொடி நீலமானது என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

அவளுடைய டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"தண்ணி வந்துச்சாம்மா?"

அவள் டியூபைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"வந்துச்சு மிஸ். எல்லாருக்கும் வர மாதிரியே வந்துச்சு."