சும்மா போன சைக்கிள்

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவள் என்று பேர் எடுத்தவள் நான்தான். அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் சொன்ன ஒரே ஒரு பொய், ராஜபாளையத்தில் எங்கள் தெருவையே ஒன்பது வாரம் தேங்காய் உடைக்க வைத்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

எல்லாம் அக்காவின் சைக்கிளால் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். பள்ளிக்கூடம் முடிகிறவரை ஓட்டிவிட்டு, கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் சேர்ந்ததும் அக்கா காலேஜ் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அதன் பிறகு மூன்று வருடம் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காய்ந்தது, முன்கூடையில் வெங்காயம் கிடந்தது. நான் ஓட்டலாம் என்றால் எனக்குக் கால் எட்டவில்லை.

அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தாள். அவளுக்கு வார லீவு சனிக்கிழமை. அப்படி ஒரு சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும், கூடையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் கொட்டிவிட்டு, சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கையில் பால் பாக்கெட் இல்லை, காய்கறி இல்லை, ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே கதைதான்.

வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆளிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. அதனால் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் வரும்வரை பொறுத்திருந்து கேட்டார்கள். முதலில் கேட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது, சாப்பிடப் போகிறவருக்குத் தெரிவதற்கு முன்னால் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

“ஏட்டி, காலங்காத்தால எங்க போய்ட்டு வார?”

“சும்மாதான் யக்கா.”

“சும்மான்னா?”

“சும்மா ஒரு சுத்து.”

பெரியம்மா நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் அதற்கு ஒரு வேலை இருக்கும். மில்லுக்குப் போகும், ரேஷன் கடைக்குப் போகும், கேரியரில் எங்கள் ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணி மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும். சும்மா போகிற சைக்கிளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் அது பிடிக்கவில்லை. “ஆறு நாளும் மில்லுல நடந்தே சாகுற. ஏழாவது நாளு செத்த நேரம் படுத்துத் தூங்குனா என்ன?” என்று கேட்டார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போவதாக அப்பா மிரட்டிப் பார்த்தார்.

மூன்றாவது சனிக்கிழமை அம்மா காற்றடித்துக்கொண்டிருந்தபோது நானே போய்க் கேட்டேன். எதுக்கும்மா போற?

அவள் பம்பை அழுத்திக்கொண்டே, மூச்சு வாங்க, “திரும்பாம போய்க்கிட்டே இருக்கலாம்ல, அதான்” என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

நாங்கள் பார்த்த டிவி தொடர்களில் வாரத்துக்கு ஒரு அம்மாவாவது கைப்பையோடு வாசலைத் தாண்டித் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தாள். பின்னணியில் வயலின் அழும், பிள்ளைகள் ஓடிவருவார்கள், அந்த அம்மா திரும்பியே பார்க்க மாட்டாள். எங்கள் அம்மா கைப்பைகூட எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவும் வாய் வரவில்லை.

அம்மா தெருமுனை தாண்டியதும் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ பொய் சொல்ல மாட்டியே. சொல்லு, ஒங்கம்மா எங்கதான் போறா?”

அந்தக் கணத்தில் எனக்கு எப்படித்தான் மூளை வேலை செய்ததோ! வேண்டுதலுக்குப் போகிறவர்கள் பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும். வராவிட்டால் சாமி குத்தம்.

“வேண்டுதல் பெரியம்மா. வில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு” என்றேன்.

“சைக்கிள்லயா?”

“சைக்கிள்லதான் வாரேன்னு வேண்டியிருக்கு.”

“எதுக்குட்டி?”

“அக்காவுக்கு வேலை கெடைக்க.”

“எத்தன வாரம்?”

“இன்னும் ஒம்பது.”

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “சனிக்கெழமைல்லா! பெருமாளுக்கு உகந்த நாளு. அதான பாத்தேன், ஒரு காரியமும் இல்லாமயா அவ போவா” என்றார். ஒரு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில் போய்வர முடியாது என்பதும், அம்மா இதுவரை பிரசாதம் கொண்டுவந்ததே இல்லை என்பதும் அவருக்குத் தோன்றவே இல்லை. அம்மா வந்து இறங்கியபோது வாசலில் ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள். பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டு, “எங்கிட்டக்கூட சொல்லலியேட்டி!” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். “சொன்னா பலிக்காதுல்ல யக்கா” என்றாள் அம்மா.

அடுப்படிக்குப் போனதும் என் காதைப் பிடித்துத் திருகினாள். “ஒம்பதுன்னு யாருடி சொல்லச் சொன்னா? சொல்றதுதான் சொன்ன, பதினெட்டுன்னு சொல்லக் கூடாதா?”

அது என்ன மாதிரித் திட்டு என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து சைக்கிளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது, வேலை வந்ததும் மரியாதையும் வந்துவிட்டது. இரும்புக்குப் போடுவேன் என்ற அப்பா செயினுக்கு எண்ணெய் விட்டார். பெரியம்மா தேங்காய் கொடுத்தார், எதிர்வீட்டில் துளசி மாலை கொடுத்தார்கள், கடைசி வீட்டில் மகனுக்குப் பெண் அமைய ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வெங்காயம் கிடந்த கூடையில் வாரம் நான்கு தேங்காய் போயிற்று. எல்லாவற்றையும்விட வேடிக்கை என்னவென்றால், அதுவரை ஊர் எல்லை வரைக்கும்தான் போய்வந்துகொண்டிருந்த அம்மா இப்போது நிஜமாகவே பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகவேண்டியதாயிற்று. கட்டிப்போட நினைத்து நானே கயிற்றை நீளமாக விட்டுவிட்டேன். ஆறு மணிக்குப் போனால் பத்தரைக்கு வந்தாள். அதுவரை நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். மணிச் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஐந்தாவது வாரம், என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அழுது அடம்பிடித்துக் கேரியரில் ஏறிக்கொண்டேன். இடது கைப்பக்கம் மலை கூடவே வந்தது. லாரி எதிரே வரும்போதெல்லாம் நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். கோயிலில் அம்மா தேங்காயையும் மாலையையும் சீட்டையும் வரிசையாகச் சேர்த்துவிட்டு, மில்லில் ஷிப்ட் முடித்தவள் மாதிரி கைகளை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். சைக்கிள் மேற்கே, செண்பகத்தோப்பு ரோட்டில் திரும்பியது.

ஆள் இல்லாத ரோடு. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, நேர் எதிரே மலை. அம்மா இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். எங்கள் அம்மா, பிளாஸ்டிக் பையைக்கூட மடித்துவைக்கிற அம்மா, இறக்கத்தில் ரெண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து முன்னால் நீட்டிக்கொண்டு “ஓஓஓ” என்று கத்தினாள். நான் பயந்து அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக அவளை வீட்டில் நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் பயம் கூடியது. இவள் போய்க்கொண்டே இருக்கப் போகிறாள், மலையையும் தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

நல்லவேளை, வனத்துறைச் சோதனைச் சாவடி வந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, “இதுக்கு மேல போகக் கூடாதும்மா” என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அம்மா ஒரு காலை ஊன்றி, மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சைக்கிளைத் திருப்பினாள்.

ஏழாவது வாரத்தில் காலேஜிலேயே நடந்த இண்டர்வியூவில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அக்கா மூன்று மாதம் கண்விழித்துப் படித்தது யார் கணக்கிலும் வரவில்லை. எல்லாம் அம்மா மிதித்த மிதி என்று தெருவே சொன்னது. பெரியம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒன்பதாவது சனிக்கிழமை ரெண்டு குடும்பமும் வேன் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவைப்பது என்றும், வேண்டுதல் முடிந்த சைக்கிளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கோயில் வாசலில் பூக்கட்டும் ஒரு அம்மாவின் மகளுக்கு அதைத் தானமாகக் கொடுக்கவேண்டுமாம். இப்படி ஒரு முறை எந்த ஊரில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மாவே அப்போதுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அம்மா மறுத்துச் சொல்ல முடியாதபடி நான்தான் பண்ணி வைத்திருந்தேனே.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சைக்கிள் போய்விட்டால் அம்மா எங்கே போவாள்? ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில்லிலிருந்து வந்த அம்மா, காப்பிகூடக் குடிக்காமல் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாள். துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிடக்கூட இல்லை.

மறுநாள் வேன் கூரையில் சைக்கிளைக் கட்டி, அதற்கு மாலை போட்டு, கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பூக்கட்டும் அம்மாவும் அவர் மகளும் வந்து நின்றார்கள். பெரியம்மா சைக்கிளுக்குக் குங்குமம் வைத்து, “ஒன் கையால குடுட்டி” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஹேண்டில்பாரைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். “வேண்டுதலே இல்ல பெரியம்மா! நாந்தான் பொய் சொன்னேன். அம்மா சும்மாதான் போனாங்க!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்.

“சும்மாவா?”

“ஆமா யக்கா. சும்மாதான்” என்றாள் அம்மா. இந்த முறை தலையைக் குனியவில்லை. “அது ஓட்டுறப்ப நல்லாருக்கு யக்கா. வேற ஒரு காரணமும் இல்ல.”

“அப்ப ஒம்போது வாரமா நான் குடுத்த தேங்கா?”

“ஒண்ணு விடாம ஒடச்சாச்சு.”

பெரியம்மா நெடுநேரம் சைக்கிளையே பார்த்தார். பிறகு அதன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அக்கா தோளில் போட்டார். பூக்கட்டும் அம்மாவிடம், “புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல தருவாங்கம்மா, புதுசாவே தருவாங்க” என்றார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பழைய சைக்கிளை அவளுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அப்பா மட்டும், “இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றார். மொதல்லயே சொன்னாளே என்று எனக்குத் தோன்றியது.

“நீங்க வேன்ல போங்க, நான் பொறவு வாரேன்” என்று அம்மா சைக்கிளில் ஏறினாள்.

நான் ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். “திரும்பி வருவியாம்மா?”

அம்மா இறங்கிவிட்டாள். “என்னடி கேள்வி இது?”

“திரும்பாம போகணும்னு சொன்னியே.”

அவளுக்கு அது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நினைவுக்கு வந்ததும் என் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஒன்பது வாரமும் வாசலில் உட்கார்ந்திருந்தது இதற்குத்தானா என்று கேட்டாள். “ஒங்கள விட்டுட்டு எங்கடி போவேன், கழுத” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது வேற திரும்புறதுடி” என்றாள்.

திரும்புவதில் வேற திரும்புவது என்று ஒன்று இருக்கிறதா என்று நான் வேனில் வழியெல்லாம் யோசித்தேன். பிடிபடவில்லை. அம்மா மத்தியானம் வந்தாள், மூஞ்சியெல்லாம் வெயில் ஏறி. அடுத்த சனிக்கிழமை விடிகாலையில் பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். “எம்புட்டு வெயிட்டு தாங்கும்ட்டி இந்தக் கேரியர்?” என்று கேட்டார். ரெண்டு மாதத்தில் அவருக்கும் ஒரு சைக்கிள் வந்துவிட்டது.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மில்லில் குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். மிஷின்கள் எல்லாம் நிறுத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தது. அம்மா தான் வேலை பார்க்கும் இடத்தைக் காட்டினாள். ரெண்டு மிஷினுக்கு நடுவே ஒரு சந்து. எங்கள் தெருவில் பாதி நீளம் இருக்கும், அகலம் கையை விரித்தால் இடிக்கும். என்ன வேலைம்மா பார்ப்ப என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டேன்.

“இந்தா, இப்பிடியே போவேன். நூலு அறுந்திருந்தா ஒட்டுவேன்” என்று சொல்லிக்கொண்டே சந்தின் கடைசி வரை நடந்தாள். “திரும்புவேன்.” திரும்பி நடந்து வந்தாள். “பொறவு இங்குட்டுத் திரும்புவேன்.” மறுபடி போனாள். மறுபடி வந்தாள். எட்டு மணி நேரம், ஆறு நாள். விளையாட்டாகத்தான் செய்துகாட்டினாள், சிரித்துக்கொண்டே. நான் எத்தனை தடவை திரும்புகிறாள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

வெளியே வந்து பொரிகடலைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, “நாளைக்கு லீவுதான், வாரியாடி?” என்று கேட்டாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.